முழு வருகை கட்டாயம்

மனநல வார்டில் முப்பது வருடம் தாதியாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு வீட்டில் சும்மா இருக்கத் தெரியாது. பினாங்கில், பாயான் பாருவில் என் சமையலறைச் சன்னலைத் திறந்தால் காலையில் தொழிற்சாலை பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போவது தெரியும். ஓய்வு பெற்ற முதல் மாதம் அதை வேடிக்கை பார்த்தேன். இரண்டாம் மாதம் அந்த டிரைவர்கள் மேலேயே எரிச்சல் வர ஆரம்பித்தது. இப்படியே போனால் என் பழைய வார்டில் எனக்கே ஒரு கட்டில் போட வேண்டிவரும் என்று பயந்துகொண்டிருந்தபோதுதான், தமிழ் தெரிந்த பயிற்சியாளர் வேண்டும் என்று ஒரு மனநலத் திட்டத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். என்ன ஏது என்று சரியாகக் கேட்காமலே சரி என்றேன்.

திட்டம் நல்ல திட்டம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் போகப் போக என் வாய் சும்மா இருக்காது. குளிர் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பணம் தருகிறது. ஏழை நாடுகளில், மனநோய் வந்து ஆஸ்பத்திரிப் பக்கமே வர முடியாமல் வீட்டுக்குள் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ள அங்குள்ள தாதிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். இலங்கையில் இருந்து சிலர், நேபாளத்தில் இருந்து சிலர், பர்மாவில் இருந்து சிலர். எல்லாருக்கும் நடுவான ஊர், ஹோட்டல் மலிவு, சாப்பாடு நன்றாக இருக்கும் என்று ஜார்ஜ்டவுனைத் தேர்ந்தெடுத்தார்கள். உலகத்து மனநலத்துக்கு நம் ஊர் நாசி கண்டார் சோறும் தன் பங்கைச் செய்கிறது என்று என் மகனிடம் சொல்லிச் சிரித்தேன்.

பயிற்சி பத்து நாள். ஒரு விதி மட்டும் கண்டிப்பு: பத்து நாளும் முழு வருகை. ஒரு வேளை வகுப்பு குறைந்தாலும் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த ஆள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத் திட்டம் தருவதாகச் சொன்ன மருந்தும் இல்லை. விதிக்குக் காரணம் இருந்தது. முந்தைய பயிற்சியில் வந்தவர்கள் காலையில் முகத்தைக் காட்டிவிட்டு லெபோ பசார் கடைத்தெருவுக்குச் சேலை வாங்கக் கிளம்பிவிட்டார்களாம். மதியம் வகுப்பில் பாதி நாற்காலி காலி. பணம் கொடுத்தவர்கள் கேள்வி கேட்க, அப்போது போட்ட விதி இது. அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல ஒருவரும் கிடைக்காததுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிய தொந்தரவு.

இலங்கையில் இருந்து வந்தவர்களில் தமிழ் பேசுகிறவள் ஒருத்திதான். வன்னியில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. முப்பது வயது இருக்கும், ஒல்லியாக, நெற்றியில் சின்னத் திருநீற்றுக் கீற்றோடு. அந்த ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு என்றால் அது அவள்தான். டாக்டர் மாதத்தில் ஒரு நாள் பட்டணத்தில் இருந்து வந்து போவார். மற்ற நாளெல்லாம் அவளும் அவள் ஸ்கூட்டியும்.

முதல் நாள் அவள் பேசியதைக் கேட்டு எனக்கு வாயெல்லாம் பல். என் அப்பாவின் பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள், ஆனால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் என் காலத்துக்கு முன்பே செத்துப் போயிருந்தது. "என்ன தங்கச்சி, நீ பேசறது பாட்டுப் பாடற மாதிரி இருக்குலா" என்றேன். அவள் வெட்கப்பட்டு, "நீங்கள் கதைக்கிறதுதான் அக்கா படத்தில கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். அன்றே ஒட்டிக்கொண்டோம்.

அவளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பேராசிரியை எல்லார் முன்னாலும் சொன்னார். பேராசிரியை அந்தக் குளிர் நாட்டுக்காரர், திட்டத்தின் தலைவி. வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருப்பார், குரலை உயர்த்தவே மாட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன், அவள் தலையைக் குனிந்து தன் கதையையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதை இது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்து தள்ளி, குளக்கட்டைத் தாண்டி ஒரு வீடு. அங்கே ஒரு பெண், மேசன் வேலைக்குப் போகும் புருஷன், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். யுத்தத்தில் அந்தப் பெண் யார் யாரை இழந்தாள் என்று நான் கேட்கவில்லை. நோய் கூடினால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு, யாரோ காத்திருக்கிறார்கள் என்று சொல்லி ரோட்டோடு நடக்க ஆரம்பித்துவிடுவாள். ஒரு தடவை நாலு ஆண்கள் சேர்ந்து கை காலைச் சேலையால் கட்டி, வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு வெள்ளை உடுப்பைக் கண்டாலே கதவைச் சாத்திவிடுவாள்.

இந்தத் தாதி அந்தக் கதவைத் திறக்க வைக்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் எடுத்துக்கொண்டாள். முதலில் வேலிக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, முற்றத்துக் கோழிகளைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடுவாள். பிறகு வேலிக்கு உள்ளே. பிறகு படியில். கடைசியில் ஒருநாள் அந்தப் பெண் தானே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினாள். மாதம் ஒரு ஊசி. அது தவறாமல் ஏறுகிறவரை அவள் சமைப்பாள், மகளுக்குத் தலை பின்னுவாள், கோழிக்குத் தீனி போடுவாள். ஆனால் அந்தக் கை வேறு யாருக்கும் நீளாது.

பேராசிரியை சொல்லி முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். முப்பது வருடத்தில் நான் எத்தனையோ பேரைப் பிடித்து அழுத்திக்கொண்டு ஊசி போட்டிருக்கிறேன். இப்படி ஒன்றை நான் செய்ததில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் அவள் தட்டில் ஒன்றும் இல்லை. "என்ன, எங்க ஊர் ரொட்டி சானாய் பிடிக்கலையா? டயட்டா?" என்று கேலி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"அக்கா, ஒரு விசயம் கேக்கோணும். இடையில ஊருக்குப் போகேலுமோ?"

"ஏன், யாருக்கு என்ன?"

"அவாவுக்கு ஊசி போடேல்லை."

மருந்து தட்டுப்பாடு. போன மாத ஊசியையே தள்ளித்தான் போட்டிருந்தாள். இந்த மாதத்து மருந்து, அவள் புறப்படுகிற நாள் காலை வரை மாவட்ட ஆஸ்பத்திரியில் இருந்து வந்து சேரவில்லை. பயிற்சியை ஒரு வாரம் தள்ளி வரலாமா என்று முன்பே கேட்டிருக்கிறாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. "நான் பிளேன் ஏறினாப்பிறகுதான் அக்கா மருந்து வந்ததாம். இப்ப அங்கை அலுமாரிக்குள்ளை கிடக்கு" என்றாள். காலையில் புருஷன் கூப்பிட்டானாம். அந்தப் பெண் தூங்கவில்லை, சமைக்கவில்லை, நர்ஸ் எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நர்ஸ் பினாங்குக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று அவன் சொல்லிவைத்திருக்கிறான்.

வார்டில் வேலை பார்த்த எனக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும். தூக்கம் போனால் அடுத்தது பை, பைக்கு அடுத்தது ரோடு. இருந்தாலும், "பயப்படாதலா, போன்ல ஏதாவது வழி பண்ணலாம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

வழியும் பண்ணினோம். அவள் ஆஸ்பத்திரியில் பேறுகாலம் பார்க்கும் மருத்துவமாது ஒருத்தி இருந்தாள். அவளைக் கெஞ்சிக் கூத்தாடி, மருந்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகச் சொன்னோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹோட்டல் மாடிப்படியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்துகொண்டோம். அங்கே மருத்துவமாது போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் கதவு தெரிந்தது, பாதி திறந்த கதவு, அதற்குப் பின்னால் பாதி முகம்.

"அக்கா, நான்தான் கதைக்கிறன். என்னைத் தெரியுதோ?" என்றாள் இவள். "இவா எங்கடை ஆள்தான். நல்லவா. கையை நீட்டுங்கோ, ஒரு நிமிசத்தில முடிஞ்சிடும். நான் இதிலேயே நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

அந்தப் பெண் போனையே பார்த்தாள். என்னையும் பார்த்திருப்பாள், நான் இவள் தோளுக்குப் பின்னால் தெரிந்திருப்பேன். அமைதியான முகம். அப்படிப்பட்ட அமைதி எனக்குப் பிடிப்பதில்லை.

"நீ அதுக்குள்ளை இருந்து வெளியில வா பிள்ளை" என்றாள். "வந்து போடு."

கதவு சாத்திக்கொண்டது. மருத்துவமாது கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அவளுக்கு வேறு பிரசவம் காத்திருந்தது.

அன்று மாலையே இவள் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் கோபப்படவில்லை, கெஞ்சினார். அதுதான் இன்னும் மோசம். "பிள்ளை, நீ இடையில வந்தியெண்டால் எங்கடை ஆஸ்பத்திரியை வெட்டிப்போடுவினம். ஒரு வருசத்து மருந்து. ஒருத்திக்காக எல்லாற்றை ஊசியையும் விடச் சொல்லுறியோ?" என்று கேட்டார். இவள் பார்க்கும் வீடுகள் நிறைய. மருந்து இல்லாத மாதத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெறுங்கையோடு நின்றவள் இவள்தான். அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நானும் தேடினேன். அகப்படவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன் பேராசிரியையிடம் நேராகப் போனேன். அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். டிக்கெட்டை மாற்றிக் கொடுங்கள், முடியாவிட்டால் நானே வாங்கிக் கொடுக்கிறேன், ஆனால் முழு வருகை என்று எழுதிவிடுங்கள், அவள் கற்றுக்கொள்ள வந்த வேலையைத்தான் அங்கே செய்யப் போகிறாள் என்றேன். ஆங்கிலத்தில் எனக்குக் கோபம் சரியாக வராது. மரியாதையாகப் போய்விடுகிறது.

பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உட்கார வைத்தார். முழுவதையும் கேட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். வருகை விதியைத் தளர்த்தும் அதிகாரம் தனக்கு இல்லை, பணம் கொடுக்கிற அலுவலகத்தைக் கேட்க வேண்டும், அங்கே இப்போது வார விடுமுறை, உடனே எழுதுகிறேன் என்றார். எங்கள் முன்னாலேயே எழுதினார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதைப் பற்றிப் பேசத்தானே நாம் கூடியிருக்கிறோம்! ஒரே ஒரு ஆளை நம்பி ஒரு சேவை நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. இன்று மதியம் இதையே எடுத்துக்கொள்வோம், எல்லாருமாகச் சேர்ந்து வழி தேடுவோம்" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது. அவள், "சரி மேடம்" என்றாள்.

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. கவனம் சிதறக்கூடாது என்று வாசலில் ஒரு பிரம்புக் கூடை வைத்திருப்பார்கள், எல்லாரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அன்று மதியம் அவள் கூடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் நேபாளத்துக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். போட்டுவிட்டு வந்தாள்.

மதிய வகுப்பு என்றால் நடிப்பு. இந்தப் பயிற்சிகளில் நடிப்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஒருவர் நோயாளி, ஒருவர் தாதி, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவள் அந்தப் பெண்ணாக நடிக்க வேண்டும், நான் அந்த வீட்டுக்குப் புதிதாகப் போகும் தாதி என்று பேராசிரியை சொன்னார். நான் மாட்டேன் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து போய், கதவுக்குப் பதிலாக நடுவில் போட்டிருந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டாள். அந்த அறையில் ஏர்கான் குளிர் எலும்பைக் குடையும். அவள் சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டாள்.

"வணக்கம்மா, நான் ஆஸ்பத்திரியில இருந்து வர்றேன்" என்று ஆரம்பித்தேன்.

"நேர்ஸ் எங்கை?"

"அவங்க ஊர்ல இல்லம்மா. வந்துருவாங்க. அதுவரைக்கும் நான் வந்து பாத்துக்கறேன்."

"எங்கை போயிட்டா?"

"பயிற்சிக்குப் போயிருக்காங்க."

"என்ன பயிற்சி?"

உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வதற்கான பயிற்சி என்று சொல்ல வேண்டும். உண்மையும் அதுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் இன்னொரு தடவை கேட்டாள், குரல் மாறியிருந்தது, "என்ன பயிற்சி? எனக்கு விளங்கேல்லை. என்ன பயிற்சி?" மொழிபெயர்ப்பவர்கள் ஒவ்வொருவராக அதைத் தங்கள் ஆட்களுக்குச் சொன்னார்கள். பர்மாக்காரப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அவள் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் கை தட்டினார்கள், வேறு என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை போல.

பிறகு பேராசிரியை மரச்சட்டத்தில் பெரிய காகிதம் மாட்டி, வழிகளை எழுதச் சொன்னார். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இரண்டு பேர் இருக்க வேண்டும். நோயாளியை முன்கூட்டியே இன்னொருவருக்குப் பழக்க வேண்டும். மருந்து இருப்பு இருக்க வேண்டும். எல்லாம் சரியான வழிகள். நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன், அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். இரண்டாவது ஆளை யார் கொடுப்பது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்டேன். அடுத்த கட்டத்தில் பேசவேண்டிய விஷயம் என்று குறித்துக்கொண்டார்கள்.

தேநீர் இடைவேளையில் எல்லாரும் கறிபாப்புப் பலகாரத்துக்கு வரிசையில் நின்றபோது அவள் கூடையில் இருந்து போனை எடுத்தாள். புருஷன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தான். அவள் திருப்பிக் கூப்பிட்டபோது அவன் ரோட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். போனை அவள் என் காதுக்கும் அருகில் வைத்தாள்.

"நேர்ஸ், அவள் வெளிக்கிட்டிட்டாள். மகளை ரியூசன் வகுப்பால கூட்டிவரப் போனனான், வந்து பாத்தால் ஆளில்லை. பையும் இல்லை. உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தன். நீங்கள் எடுத்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாலும்..."

அவன் முடிக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல நினைத்துச் சொன்னவன் இல்லை, பாவம். ஆனால் அவள் அந்த இடத்திலேயே, கறிபாப்புத் தட்டுக்களுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் போன் பேசியதுதான். போலீஸுக்கு, பஸ் நிலையத்துக்கு, குளக்கட்டுப் பக்கம் கடை வைத்திருப்பவருக்கு, கோயிலுக்கு. இலங்கை போலீஸ்காரரிடம் நான் பேசினேன், அவருக்குத் தமிழ் வரவில்லை, எனக்குச் சிங்களம் வரவில்லை, அரைகுறை ஆங்கிலத்தில் அவர் நான் யார் என்று கேட்டார். பினாங்கில் இருந்து பேசுகிறேன் என்றேன். பினாங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். ஹோட்டல் சன்னலில் இருந்து பார்த்தால் தெரிவது கடல்தான். அந்தக் கடலைத் தாண்டி எங்கோ ஒரு பெண் ரோட்டோரமாக நடந்துகொண்டிருக்கிறாள், நான் இங்கே நின்று யார் யாருக்கோ நம்பர் அழுத்திக்கொண்டிருக்கிறேன். இத்தனை கையாலாகாத்தனத்தை நான் என் வாழ்க்கையில் பட்டதில்லை.

பணம் கொடுக்கிற அலுவலகத்தில் இருந்து வாரம் பிறந்ததும் பதில் வந்தது. மிகவும் வருந்துவதாகவும், விதிவிலக்குக் கொடுத்தால் மற்ற நாட்டுக்காரர்களுக்கு அநீதி ஆகிவிடும் என்றும் எழுதியிருந்தார்கள். வேண்டுமானால் அவளுக்கு ஆறுதல் சொல்ல ஒரு உளவியல் ஆலோசகரை ஆன்லைனில் ஏற்பாடு செய்வதாகவும் சொல்லியிருந்தார்கள். நான் அதை அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை.

அவள் எல்லா வகுப்புக்கும் வந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து, தொடர்பு அறுந்துபோன நோயாளியை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது என்ற பாடத்தையும் கேட்டாள். அந்த வகுப்பை எடுக்க வேண்டியவள் நான். எடுத்தேன். பேராசிரியை அவளுக்கு மட்டும் போனைக் கையில் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார், அவள் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் பினாங்கு மலைக்குக் கூட்டிப்போனார்கள். அதற்கும் முழு வருகைதான்.

பயிற்சி முடிவதற்கு முன் தகவல் வந்துவிட்டது. வெகு தூரம் தெற்கே, அனுராதபுரத்து பஸ் நிலையத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரர் அந்தப் பெண்ணைத் தன் கடைப் பெஞ்சில் உட்கார வைத்துப் போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார். உயிரோடு இருந்தாள். உள்ளங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. பையும் இல்லை, காதுத் தோடும் இல்லை. வழியில் வேறு என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் போய்க் கூட்டிவந்தான். நிறைவு விழாவில் எங்கள் வன்னித் தாதியின் பெயரைக் கூப்பிட்டபோது பலமாகக் கை தட்டினார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வருடத்து மருந்து கிடைத்தது.

ஊருக்குப் போய் இரண்டு நாள் கழித்து அவள் என்னைக் கூப்பிட்டாள். கொழும்பில் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் மருந்தை எடுத்துக்கொண்டு நேராக அங்கேதான் போயிருக்கிறாள். கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் காலில் துணி சுற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். இவளை ஏற இறங்கப் பார்த்தாளாம்.

"பினாங்கு வடிவோ பிள்ளை?" என்று கேட்டாளாம்.

எழுந்து நொண்டிக்கொண்டு வந்து கதவைச் சாத்தியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அந்தக் கை இவளுக்கும் நீளவில்லை. இவள் மறுபடியும் வேலிக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்தினாள், கோழிகளைப் பற்றிப் பேசினாள், படியில் உட்கார்ந்தாள். முன்பு பலித்தது எதுவும் இப்போது பலிக்கவில்லை. புருஷன் மாத்திரையைப் பொடி பண்ணிக் குழம்பில் கலந்து கொடுக்கிறான். நோயாளிக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கவே கூடாது என்று பயிற்சியில் நாங்கள் அழுத்திச் சொல்லியிருந்தோம். அவள் அதை அவனிடம் சொல்லவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை. குழம்பில் கலந்தாவது ஏறட்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

போன மாதம் திட்ட அலுவலகத்தில் இருந்து எனக்கு அடுத்த அழைப்பு வந்தது. இரண்டாம் கட்டப் பயிற்சி, இதே ஊர், இதே ஹோட்டல், இதே பத்து நாள். அவளைப் பயிற்சியாளராகவே கூப்பிட்டிருந்தார்கள். அன்று மதியம் அவள் நடித்தது எல்லார் மனத்திலும் நின்றுவிட்டதாம், மற்ற நாட்டுத் தாதிகளுக்கு அவள் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். அலுவலகத்துக்குக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். போனை எடுத்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கருத்துக்கு நன்றி என்றாள்.

உடனே வன்னிக்குப் போன் போட்டேன்.

"வராதே. முடியாதுன்னு சொல்லிடு. உடம்பு சரியில்லைன்னு ஏதாவது சொல்லுலா. நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன்."

"ஆஸ்பத்திரிப் பெரியவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டார் அக்கா" என்றாள். "வந்தால்தான் அடுத்த வருச மருந்து."

"அப்ப அந்த வீடு?"

"அவாவுக்குச் சொல்லாமல் வரக்கூடாதெண்டு நேற்றுப் போனனான். கதவுக்கு வெளியில நிண்டு சொன்னனான், திரும்பவும் பினாங்குக்குப் போகவேண்டிக் கிடக்கு எண்டு."

"என்ன சொன்னாங்க?"

போனை இந்தக் காதில் இருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"இத்தினை மாசத்தில முதல் முறையா உள்ளுக்கிருந்து மறுமொழி வந்தது அக்கா. போயிட்டு வா பிள்ளை எண்டா. இந்த முறை நான் உன்ரை வரவைப் பாத்துக்கொண்டு இருக்க மாட்டன், பயப்பிடாமல் போ எண்டா."

அவள் அழுதாள். நானும் அழுதேன். இரண்டு தாதிகள், இரண்டு நாட்டில், போனைக் காதில் வைத்துக்கொண்டு வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் அழுதோம். பிறகு அவள் மூக்கைச் சிந்திவிட்டு, விமானம் வந்து இறங்குகிற தேதியைச் சொன்னாள். நான் காலண்டரில் குறித்துக்கொண்டேன்.